மஞ்சள் கட்டம்

கணினி முன்னால் உட்காருவதற்கு முன் என் அண்ணன் கை கழுவுவார். சாப்பிட வரும்போது விரலை மட்டும் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து உட்காருகிற மனிதர், இந்த ஒரு வேலைக்கு மட்டும் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்ப்பார். பழைய பல் துலக்கியால் நக இடுக்கில் இருக்கும் கிரீஸை எடுப்பார். துண்டில் துடைத்துவிட்டுக் கையை மோந்து பார்ப்பார். வாசனை போயிருந்தால்தான் நாற்காலியை இழுப்பார். சம்பளம் வந்த பிறகு வரும் சனிக்கிழமை சாயங்காலம் இது நடக்கும். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து பார்க்கிறேன்.

"மாப்பிள்ளை ரெடி, பொண்ணைக் கூட்டிட்டு வாங்க" என்று அடுக்களையிலிருந்து அண்ணியின் குரல் வரும்.

அண்ணன் லிப்ட் மெக்கானிக். பாதியில் நின்றுபோன லிப்டைத் திறந்து ஆட்களை வெளியே எடுப்பது, கம்பிக் கயிற்றுக்குக் கிரீஸ் போடுவது, கதவின் உருளைகளை மாற்றுவது, அடிக்குழிக்குள் இறங்கித் தண்ணீர் இறைப்பது, எல்லாம் அவர் வேலை. தெருவில் அவரை லிப்ட்காரர் என்பார்கள். கம்பெனியில் மேஸ்திரி. அதிகம் பேசமாட்டார். எங்கள் குடும்பத்துக்கே அந்தக் குணம் உண்டு. கடையில் சில்லறை குறைந்தால்கூடத் திரும்பிப் போய்க் கேட்கமாட்டோம். அண்ணி வேறு வீட்டிலிருந்து வந்தவர் என்பதால்தான் எங்களுக்காக யாராவது பேசுகிறார்கள்.

இந்த வீட்டில் இரண்டு அறை, ஓர் அடுக்களை, பின்பக்கம் தகரம் வேய்ந்த ஒரு சார்ப்பு. சார்ப்பில்தான் என் தையல் மிஷின் இருக்கிறது. கடைகளிலிருந்து வரும் கால்சட்டைகளுக்கு நான் விளிம்பு மடித்துத் தருகிறேன். இதற்கு முன் வாடகைக்கு இருந்த வீட்டில் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். நாள்காட்டியைக் கூட ஜன்னல் கம்பியில்தான் கட்டியிருந்தோம். புது வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்று அண்ணன் செய்த முதல் காரியம், கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்தது. அதில் மாட்ட ஒன்றும் இல்லை. "இருக்கட்டும்" என்றார்.

வீடு வங்கிக் கடனில் வாங்கியது. இருபது வருடம்.

"இருபது வருஷமா? அதுக்குள்ள எனக்குப் பல்லெல்லாம் கொட்டிடுமே" என்றார் அண்ணி.

"கொட்டினா கொட்டட்டும். சொந்த வீட்டுல கொட்டும்" என்றார் அண்ணன். அவர் வேடிக்கை பேசுவது அபூர்வம். அதனால் அது எனக்கு நினைவில் இருக்கிறது.

கடன் முடிவதற்குள் தனக்கு வேலை செய்யும் வயது முடிந்துவிடும் என்பதுதான் அவருடைய கவலை. முட்டி அப்போதே வலிக்க ஆரம்பித்திருந்தது. லிப்ட் வேலையில் முட்டி போனால் எல்லாம் போயிற்று. மேலே மொட்டை மாடியில் மோட்டார் அறைக்கும் ஏணிதான், கீழே குழிக்கும் ஏணிதான். கம்பெனியில் உதிரிப் பாகம் எடுத்துக் கொடுக்கும் கிளார்க் ஒருவர் இருந்தார். மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி என்று திரிவதால் அவரைக் கண்ணாடி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவர்தான் வழி சொன்னார். மாதா மாதம் தவணையோடு கொஞ்சம் சேர்த்துக் கட்டினால் அசல் சீக்கிரம் குறையும், வருடமும் குறையும் என்றார். கம்பெனி ஒதுக்கிப் போட்ட பழைய கணினி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதில் ஓர் எக்செல் தாளைப் போட்டுக் கொடுத்தார்.

ஒரு மாதத்துக்கு ஒரு வரிசை. அதில் தவணைக்கு ஒரு கட்டம், கூடுதலாகக் கட்டியதற்கு ஒரு கட்டம், இரண்டும் மஞ்சள் நிறம். எண்ணைப் போட்டால் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். மேலே சாம்பல் நிறத்தில் மூன்று கட்டம்: வாங்கிய கடன், வட்டி விகிதம், வருடம். அதற்குப் பக்கத்தில், கடன் முடியும் மாதம் பெரிய எழுத்தில் தெரியும்.

"மேஸ்திரி, மஞ்சள்ல மட்டும் கை வைங்க. சாம்பலைத் தொட்டீங்கன்னா மொத்தக் கணக்கும் கோணிக்கும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"நான் ஏன் தொடப்போறேன்" என்றார் அண்ணன்.

அவர் தொடமாட்டார். அது அவருடைய தொழில் கற்றுக்கொடுத்தது. மோட்டார் அறையில் முத்திரை வைத்த பெட்டிகள் இருக்கும். உனக்குச் சொன்ன திருகைத் திருகு, சொல்லாததைத் தொடாதே என்பதுதான் அங்கே முதல் பாடம். தொட்ட ஒருவன் இரண்டு விரலை விட்டுவிட்டு வந்ததை அவர் கண்ணால் பார்த்தவர்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் விலை மாதத்தில்தான், அதை வாங்கினால் கடன் எத்தனை மாதம் தள்ளிப்போகும் என்று. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியில் தனியாக வேலை பார்த்தார். அண்ணி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவர். ஆள் வராத நாட்களில் இரட்டை ஷிப்ட் எடுத்துக்கொண்டார். நானும் முடிந்ததைக் கொடுத்தேன். பணம் கட்டிவிட்டு வந்த சனிக்கிழமை அண்ணன் என்னைக் கூப்பிடுவார்.

"பாப்பா, இங்க வா. இப்ப அடிக்கப்போறேன், பாரு."

ஒற்றை விரலால் ஒவ்வோர் எண்ணாகத் தட்டுவார். பெரிய எழுத்தில் இருக்கும் மாதம் சில சமயம் அப்படியே நிற்கும். சில சமயம் ஒரு படி முன்னால் வரும். வந்தால் அவர் காது மடல் சிவக்கும்.

குளிர்பெட்டி வாங்கலாமா என்று அண்ணி கேட்டால், "நாலு மாசம் ஆகும்" என்பார். விலையைச் சொல்லமாட்டார். அண்ணியின் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வரச் செலவு முக்கால் மாதம். போனோம், ஆனால் மறுநாளே திரும்பிவிட்டோம். அண்ணிக்குக் கடைவாயில் ஒரு பல் உடைந்தது. மருத்துவர் உறை போடச் சொன்னார்.

"என் பல்லு எத்தனை மாசங்க?"

அண்ணன் தட்டிப் பார்த்தார். "ரெண்டு."

"அப்ப இருக்கட்டும். இந்தப் பக்கம் மென்னுக்கறேன்."

அதன் பிறகு இன்னொரு பல்லும் போனது. அதற்கும் கணக்குப் பார்த்தார்கள்.

வங்கியில் அண்ணன் பணம் கட்டுவது வாசல் கண்ணாடிக் கூண்டில் இருக்கும் இயந்திரத்தில். கடன் எண்ணை அழுத்தி நோட்டுகளை வைத்தால் உள்ளே இழுத்துக்கொண்டு சீட்டுத் தரும். உள்ளே போகமாட்டார். ஒரே ஒரு தடவை, கடன் வாங்கிய புதிதில், ஏதோ சந்தேகம் கேட்க உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு காப்பீட்டுப் பத்திரம் இருந்தது.

"சந்தேகம் கேக்கப் போனவரு சரக்கு வாங்கிட்டு வந்திருக்காரு" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். "வேணாம்னு சொல்ல வாய் வராதா?"

"அந்தப் பொண்ணு நிறுத்தாம பேசிச்சு. எழுந்திருக்க முடியல."

அதோடு சரி. வங்கியிலிருந்து கைபேசிக்கு வரும் செய்திகளையும் அவர் படிப்பதில்லை. கார் கடன் வேண்டுமா, அட்டை வேண்டுமா என்று தினமும் வரும். வந்தவுடன் கட்டைவிரலால் தள்ளி அழித்துவிடுவார். கொசு அடிப்பது மாதிரி.

வருடங்கள் இப்படித்தான் போயின. சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. தாளில் வரிசை வரிசையாக மஞ்சள் நிரம்பியது. கடைசி மாதம் வருடக்கணக்கில் முன்னால் நகர்ந்து வந்திருந்தது. அண்ணன் ஏணியில் இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, குழந்தை படி இறங்குவது போல இறங்குகிறார் என்று கண்ணாடி ஒரு நாள் எங்களிடம் சொன்னார். வீட்டில் தரையில் உட்காருவதை அவர் நிறுத்தி வெகு நாளாகியிருந்தது.

அப்போதுதான் கம்பெனி கை மாறியது. வாங்கியவர்கள் புது ஏற்பாடு ஒன்றைச் சொன்னார்கள். இருப்பவர்கள் இருக்கலாம், ஆனால் இரண்டு பேர் பார்த்த கட்டடங்களை இனி ஒருவரே பார்க்க வேண்டும். தானாக விலகுகிறவர்களுக்கு மொத்தமாக ஒரு தொகை. மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

அண்ணன் கை கழுவிவிட்டு வந்து கணினியைத் திறந்தார். அது சனிக்கிழமைகூட இல்லை. பாக்கியைப் பார்த்தார். ஒரு வருடம்கூட இல்லை. கம்பெனி கொடுக்கும் தொகையில் அதை அடைத்துவிட்டு மேலே கொஞ்சம் மிஞ்சும். மெதுவாக, ஏணி இல்லாத ஏதாவது ஒரு வேலை பார்த்துக்கொள்ளலாம்.

"உன் பல்லு ரெண்டும் இதுலயே வந்துடும்" என்றார் அண்ணியிடம்.

"எல்லாம் வரட்டும். முதல்ல பத்திரம் கைக்கு வரட்டும்" என்றார் அண்ணி. ஆனால் அன்று அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தத்தோடு ஒரு முணுமுணுப்பும் கேட்டது. அண்ணி பாடி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அண்ணன் கையெழுத்துப் போட்டார். தொகை வந்தது. சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். கடைத்தெருவில் பொத்தான் வைத்த கெட்டியான பிளாஸ்டிக் உறை ஒன்று வாங்கினார், வீட்டுப் பத்திரத்தை வைப்பதற்கு. மூன்று பேருமாக வங்கிக்குப் போனோம். கண்ணாடிக் கூண்டைத் தாண்டும்போது அண்ணன் பழக்கத்தில் இயந்திரத்தின் பக்கம் திரும்பிவிட்டு, பிறகு நேராக நடந்தார்.

கடன் பிரிவில் இருந்த அம்மாவுக்கு என் வயது இருக்கும். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"மொத்தமா அடைச்சிடலாம்னு வந்தோம்" என்றார் அண்ணி.

"ரொம்ப சந்தோஷம்மா. உக்காருங்க."

கடன் எண்ணைத் தட்டினார். ஒரு துண்டுத் தாளில் தொகையை எழுதி மேசையில் எங்கள் பக்கம் நகர்த்தினார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது வேற யாரோடதோ இருக்கும்மா. நம்பரை ஒரு தடவை பாருங்க."

அவர் எண்ணை வாசித்தார். அண்ணனின் பெயரை வாசித்தார். எங்கள் வீட்டுக் கதவெண்ணை வாசித்தார். "இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கு சார்."

"நான் மாசா மாசம் கூடக் கட்டியிருக்கேன்."

"பாக்கறேன் சார்." திரையை மேலும் கீழும் தள்ளினார். "வட்டி நடுவுல நாலஞ்சு தடவை ஏறிச்சுல்ல? ஏற ஏற உங்க தவணையும் ஏறிச்சு. நீங்க பழைய தவணையத்தான் தவணைன்னு வச்சுக் கட்டிட்டு வந்திருக்கீங்க. கூடப் போட்டதுல இருந்து அந்த வித்தியாசத்தை எடுத்துக்கிட்டோம்."

"அது அசலுக்குக் கட்டினது."

"அசல்ல கழிக்கணும்னா ஒவ்வொரு தடவையும் எழுதிக் குடுக்கணும் சார். இல்லேன்னா முன்பணமாத்தான் நிக்கும்."

"யார்கிட்ட எழுதிக் குடுக்கணும்?"

"இங்கதான் சார். உள்ள."

அண்ணன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். கூண்டில் யாரோ ஒருவர் இயந்திரத்தில் நோட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"வட்டி ஏறினப்பல்லாம் மெசேஜ் அனுப்பியிருக்கோம்" என்றார் அந்த அம்மா. பிறகு, எங்கள் முகத்தைப் பார்த்து மனம் இரங்கி, "நல்ல வேளை சார், நீங்க கூடப் போட்டுட்டு வந்தீங்க. இல்லேன்னா தாமதக் கட்டணம் ஏறி எங்கயோ போயிருக்கும். உங்க கணக்குல ஒரு கரும்புள்ளி இல்லை" என்றார்.

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். கூடுதல் என்று நாங்கள் நினைத்தது கூடுதலே இல்லை. கட்ட வேண்டியதைத்தான் இத்தனை வருடமும் கட்டியிருக்கிறோம்.

"அப்ப என் பல்லெல்லாம் எங்கம்மா போச்சு?" என்றார் அண்ணி.

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

வெளியே வந்ததும் அண்ணி தெருவிலேயே அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "இயந்திரத்துக்கிட்ட மட்டும் நல்லாப் பழகினீங்க. உள்ள ஒரு மனுஷிகிட்ட ஒரு வார்த்தை கேக்க இத்தனை வருஷமா வாய் வரல. என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல? நான் கேட்டிருப்பேன்ல?"

அண்ணன் பிளாஸ்டிக் உறையை எந்தக் கையில் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது அண்ணி அதைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் அண்ணன் கம்பெனிக்குப் போனார். விலகல் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அவர் வாயைத் திறந்து தனக்காக ஒன்று கேட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. புது மேலாளர், அது மேலிடத்துக்குப் போய்விட்டது என்றார். அண்ணன் பார்த்த கட்டடங்களை ஏற்கெனவே இன்னொருவருக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி ஓடி வந்தார். உட்காரக்கூட இல்லை.

"நான் சாம்பல் கட்டத்தைத் தொடாதீங்கன்னுதானே சொன்னேன் மேஸ்திரி? வட்டி மாறினா சொல்லக் கூடாதுன்னா சொன்னேன்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வந்து மாத்திக் குடுத்திருப்பேனே."

"வட்டி மாறும்னு எனக்குத் தெரியாதுப்பா."

"பேப்பர்ல வருமே."

"வட்டின்னு போட்டிருந்தா நான் அடுத்த பக்கம் போயிடுவேன். அது பணக்காரங்களுக்குப் போடறதுன்னு நினைச்சேன்."

கண்ணாடி தலையில் இருந்ததை எடுத்துத் துடைத்தார். மூக்கில் இருந்ததையும் எடுத்துத் துடைத்தார். "சரி, நகருங்க. இப்பவே சரி பண்ணிடறேன். எந்த வருஷம் எத்தனை சதவீதம்னு வங்கில வாங்கிக்கலாம்."

"வேணாம், விடு."

"தப்பான கணக்கை எதுக்கு வச்சுக்கிட்டு?"

"இதுல என்ன தப்பு? நான் கட்டினதெல்லாம் இதுல அப்படியே இருக்கு" என்றார் அண்ணன்.

கண்ணாடி என்னைப் பார்த்தார். தேநீர் கொடுத்தேன். ஆறும் வரை கையில் வைத்திருந்துவிட்டு, குடிக்காமல் எழுந்து போனார்.

கம்பெனி கொடுத்த தொகையில் பெரும் பகுதியை அசலில் கட்டினோம். இந்த முறை அண்ணி உள்ளே போனார், எழுதிக் கொடுத்தார், முத்திரை வாங்கினார். வேலை இல்லாத மாதங்களுக்கு வேண்டும் என்று மீதியை வைத்துக்கொண்டோம். அன்று சாயங்காலம் அண்ணன் கை கழுவினார். கட்டிய தொகையை மஞ்சள் கட்டத்தில் ஒற்றை விரலால் தட்டினார். பாக்கிக் கட்டம் சுழியத்தில் நிற்கவில்லை, அதைத் தாண்டிப் போனது. எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு வந்து, எழுத்து சிவப்பானது.

"பாப்பா, இது என்ன?"

"கழித்தல் குறி அண்ணே. நாம கட்ட வேண்டியதைவிட அதிகமாக் கட்டிட்டோம்னு காட்டுது." எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் அது எனக்குத் தெரியும்.

அவர் அதையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவக்கவில்லை.

அண்ணனுக்கு வேலை கிடைக்க ஏழெட்டு மாதம் ஆனது. இந்த வயதில் முட்டி போனவரை யாரும் குழியில் இறக்கமாட்டார்கள். கடைசியில் அண்ணி வேலை செய்யும் மருத்துவமனையிலேயே ஓர் இடம் கிடைத்தது. கட்டிலோடு நோயாளியை ஏற்றும் பெரிய லிப்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பொத்தானை அழுத்தும் வேலை. சம்பளம் முன்பு வாங்கியதில் பாதிகூட இல்லை. தவணை மட்டும் அப்படியே இருக்கிறது. அண்ணி இப்போது இரட்டை ஷிப்ட்தான். நான் இன்னும் இரண்டு கடைகளுக்கு விளிம்பு மடிக்கிறேன்.

ஒரு நாள் அண்ணிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். லிப்ட் கதவு திறந்தது. உள்ளே அண்ணன் முக்காலியில் இருந்தார். அழுக்குப் போர்வை மலை போல் குவிந்த தள்ளுவண்டியோடு அண்ணியும் என்கூட ஏறினார்.

"கீழ்த்தளம் போகணும் சார்" என்றார் அண்ணி.

"பாஸ் இருக்காம்மா?" என்றார் அண்ணன்.

"வீட்டுல என் புருஷன்கிட்ட இருக்கு. கேட்டா வாயே திறக்கமாட்டாரு."

அண்ணன் பொத்தானை அழுத்தினார். கீழே கதவு திறந்ததும் வண்டி இடுக்கில் சிக்காமல் இருக்க, கையை நீட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். அண்ணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். மேலே எங்கோ மணி அடித்தது. கதவு மூடிக்கொண்டது.

இப்போது அண்ணன் கையில் கிரீஸ் இல்லை. அழுத்துவது பொத்தான்தான், அதுவும் ஒரு விரலில். ஆனாலும் சம்பளம் வந்த சனிக்கிழமை முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்க்கிறார், மோந்து பார்க்கிறார், உட்காருகிறார். அண்ணி மாப்பிள்ளை என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அண்ணன் கட்டக் கட்டச் சிவப்பு எண் பெரிதாகிக்கொண்டே போகிறது. அந்தத் தாள் அதற்கு வட்டி வேறு சேர்க்கிறது.

தாளின்படி வங்கி எங்களுக்கு ஒரு பெரிய தொகை தர வேண்டும். வங்கியின்படி நாங்கள் இன்னும் மூன்று வருடத்துக்கு மேல் கட்ட வேண்டும். அண்ணனுக்கு அறுபது முடிந்துவிட்டது. மருத்துவமனையில் அறுபத்திரண்டுக்கு மேல் யாரையும் வைத்துக்கொள்வதில்லை. அண்ணி இன்னும் ஒரு பக்கமாகத்தான் மெல்கிறார். அந்தப் பிளாஸ்டிக் உறையில் மின்சார ரசீதுகளைப் போட்டு, கூடத்து ஆணியில் மாட்டியிருக்கிறார்.